ஹெப்சிக்கு இன்னும் ஆறு மாதப் பயிற்சி தேவை

அடுத்தவர்களுக்கு வேலை தேடித் தருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தங்களுக்கு ஒரு வேலையும் தெரியாது என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்து மூன்றாவது வயதில், வண்டியூரில் ஒரு சலவைக்கூடத்தில், எழுத்து மூலமாகவே தெரிவித்தார்கள்.

அப்போது நான் சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம் வாங்கிய சூட்டோடு, கே.கே. நகரில் சிறப்புப் பள்ளி ஒன்றை ஒட்டிய பயிற்சி மையத்தில் வேலைவாய்ப்பு அலுவலராகச் சேர்ந்திருந்தேன். பள்ளி முடித்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஏதாவது ஒரு வேலைக்குப் பழக்கி, ஒரு முதலாளியைப் பிடித்து, அங்கே நிலைக்க வைப்பது என் பொறுப்பு. (அலுவலர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தனி நாற்காலிகூடக் கிடையாது. தையல் வகுப்பு முடிந்தால் ஒன்று காலியாகும்.) ஆனால் கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை உண்டு. அதைக் காய்கறி வாங்கப் போகும்போதுகூட நான் கழற்றியதில்லை.

பேச்சுதான் என் பெரிய பலம் என்று நினைத்திருந்தேன். மிஷன் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற என் அம்மாவே, "ஏட்டி, கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசு" என்பார்.

மீனா அந்த மையத்தில்தான் எனக்குக் கிடைத்தாள். முழுப்பெயர் பாண்டிமீனா. செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். வயது பத்தொன்பது. சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருக்கும். நடைமுறையில் அதற்கு அர்த்தம், எதையும் மெதுவாகத்தான் பிடிப்பாள், பிடித்ததை விடமாட்டாள். துணி மடிப்பதில் அவளை மிஞ்ச எங்கள் மையத்தில் ஆள் கிடையாது. அவள் மடித்து அடுக்கினால் அளவுகோல் வைத்து வெட்டினதுபோல இருக்கும்.

அவளை ஏற்கெனவே மூன்று இடங்களுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஒரு சூப்பர் மார்க்கெட், ஒரு ஜவுளிக்கடை, ஓர் ஊறுகாய் கம்பெனி. மூன்று இடத்திலும் ஒரே கதைதான். முதலாளி என்னைப் பார்த்துப் பேசுவார், மீனாவைப் பார்த்து "பாவம்" என்பார், டீயும் பிஸ்கட்டும் வரும், "சொல்லி அனுப்புறோம்" என்பார். ஊறுகாய் கம்பெனி வாசலில் மீனா என்னிடம் சொன்னாள்:

"மிஸ், பிஸ்கட் குடுத்தா வேலை இல்லை. சரியா?"

(மூன்றே இடத்தில் அவள் கண்டுபிடித்த இந்த உண்மை எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.)

அந்த மாதத்தோடு அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிறது. அதற்குமேல் இடம் அடுத்த பிள்ளைக்கு. அவள் அப்பா கோபக்காரர் இல்லை. சலித்துப்போனவர். "முடிஞ்சாப் பாருங்க மிஸ். இல்லாட்டி வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மீனா, "வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றாள்.

கடைசி வாய்ப்பாக வந்ததுதான் வண்டியூர் சலவைக்கூடம். ஆஸ்பத்திரி, லாட்ஜ் துணிகளை மொத்தமாக எடுத்து வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்புகிற இடம். முதலாளி பெயர் தவமணி. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். எங்கள் மையத்துப் பொறுப்பாளர் மேடம் அவரிடம் போனில் கெஞ்சிக் கேட்டதற்கு, "ஒரே ஒரு தடவை கூட்டியாரச் சொல்லுங்க. சரிப்படலைன்னா அப்புறம் என்னையக் கேக்கக்கூடாது" என்றாராம்.

நான் மீனாவுக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், பத்து நாள் காய்ச்சி எடுத்தேன். நேரத்துக்குப் போக வேண்டும். உட்காரச் சொன்னால் நன்றி சொல்லி உட்கார வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும், உண்மையாக, பதில் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசவே கூடாது. அவளும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இது போதாதென்று, முதலாளி கையில் கொடுக்க ஒரு மதிப்பீட்டுப் படிவமும் நானே தயாரித்திருந்தேன். பெயர், வயது, பேச்சு, எழுத்து, வேலைத்திறன், குணம், முடிவு. ஏழு கட்டம்.

அன்று காலை மீனா தன் அக்காவின் மாம்பழ நிறப் புடவையில், தலை படிய வாரி, மல்லிகைப் பூவோடு வந்து நின்றாள். கையில் கோப்பு. நான் வெளிர் நிறச் சுடிதார். அவளை என் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். தெப்பக்குளம் தாண்டும்வரை பின்னால் திரும்பித் திரும்பி விதிகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "குறுக்கே பேசக் கூ..." என்னும்போது, முந்தின நாள் ராத்திரி யாரோ புதிதாகப் போட்டு வெள்ளைக்கோடு அடிக்காமல் விட்ட வேகத்தடை ஒன்று குறுக்கே வந்தது. (அது வரவில்லை, நான்தான் போனேன்.) 'டாது' சொல்வதற்குள் என் பற்கள் நாக்கின்மேல் மூடிக்கொண்டன. வண்டி ஒரு பக்கம் போனது. நான் இன்னொரு பக்கம், குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய சேற்றுக்குழியில்.

மீனா சாலையில் நின்றுகொண்டிருந்தாள். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள். வண்டி சாயும்போதே காலை ஊன்றி இறங்கிவிட்டாள். புடவையில் ஒரு சுருக்கம் இல்லை.

பக்கத்து சர்பத் கடைக்காரர் ஓடிவந்து என்னைத் தூக்கி, வாயில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய ஐஸ் கட்டியை வாய்க்குள் திணித்தார். அதோடு நாக்கு வீங்கினது மட்டுமில்லாமல் மரத்தும் போனது. ஒரு செருப்பு அறுந்திருந்தது. கணுக்கால் பிசகியிருந்தது. சுடிதார் எந்த நிறம் என்று நானே மறந்துபோனேன். கைபேசி குழிக்குள் குடியேறிவிட்டது. அறுந்து கிடந்த என் அடையாள அட்டையை மீனா எடுத்துத் துடைத்து, நாடாவை முடிச்சுப் போட்டாள். கையில் கோப்பு இருந்ததால் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள்.

"மிஸ், மணியாச்சு. நேரத்துக்குப் போகணும்."

என் விதி எண் ஒன்று. என்ன சொல்ல? சொல்லவும் முடியவில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரங்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. முன்பக்கம் தவமணியின் மேசை. ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி சட்டை. பக்கத்தில் மேற்பார்வை பார்க்கிற ஜோதியக்கா. இருவரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி பட்டுப்போலப் புடவை கட்டி, கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக நிற்கிறாள். இன்னொருத்தி சேறும் சகதியுமாக, ஒற்றைச் செருப்போடு, வாயோரம் ஐஸ் தண்ணீர் ஒழுக நிற்கிறாள். தவமணியின் இடத்தில் நான் இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார் மீனாவைப் பார்த்து.

"நன்றி சார்" என்று உட்கார்ந்தாள் மீனா. விதி எண் இரண்டு.

நான் பதறிப்போய், "ஷார்... நாந்தா ஆஃபீஷ்..." என்றேன்.

"ஆபீஸா? ஆபீஸ் இதேதாம்மா" என்றார் தவமணி, மிக மெதுவாக, மிகச் சத்தமாக. "பயப்... படாத. உக்... காரு."

பிறகு என் பக்கமே திரும்பாமல் மீனாவிடம் கேட்கத் தொடங்கினார்.

"பிள்ளை பேரு என்ன டீச்சர்?"

"ஹெப்சி."

"வயசு?"

"இருவத்தி மூணு."

"உங்ககூட எம்புட்டு நாளா இருக்கு?"

"ஏழு மாசம் சார்."

"என்ன வேலை தெரியும்?"

மீனா கொஞ்ச நேரம் யோசித்தாள். கேட்டதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டுமே. "பேசுவாங்க" என்றாள்.

தவமணி என் வாயைப் பார்த்தார். "அது சரி. வேற?"

"நோட்டுல எழுதுவாங்க."

"கோவம் கீவம் வருமா?"

"சாயங்காலம் மட்டும் சார்."

ஜோதியக்கா குனிந்து கேட்டார்: "தப்பா நெனைக்காதீக. பாத்ரூமுக்கெல்லாம் தானாப் போயிருமா?"

"போவாங்க."

"பரவாயில்லண்ணே, அம்புட்டு மோசமில்லை" என்றார் ஜோதியக்கா. "டீச்சரும் பாருங்க, பிள்ளைய எம்புட்டு மரியாதையாப் பேசுறாக."

நான் மேசையில் இருந்த பேனாவை எடுத்தேன். உள்ளங்கை சிராய்ந்திருந்ததால் பேனா சொன்னபடி கேட்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் 'நான்தான் அலுவலர்' என்று எழுதி நீட்டினேன். தவமணி அதை வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எழுதவெல்லாம் தெரியுதே! ஆமாத்தா, நீதான் ஆபீசரு."

"நல்லாப் படிச்சா கலெக்டராவே ஆகலாம்" என்று ஜோதியக்கா என் கன்னத்தைத் தட்டினார்.

வேறு வழியில்லாமல் மீனாவின் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஏ ஏ ஏ, டீச்சர் கார்டப் புடுங்கக்கூடாது" என்று இரண்டு பேரும் சேர்ந்து என் விரல்களைப் பிரித்தார்கள். மீனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவள் முகம் அமைதியாக இருந்தது. உதட்டோரம் மட்டும் அவ்வளவு அமைதியாக இல்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. முதல்முறை மீனாவின் வீட்டுக்குப் போனபோது நானும் இப்படித்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சாப்பாடு, குளியல், கோபம் எல்லாவற்றையும் அவள் அம்மாவிடம் கேட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது அது எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை. நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்தது.

"சரி, மடிச்சுக் காட்டட்டும்" என்று எழுந்தார் தவமணி.

ஜோதியக்கா என் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப் போனார். இந்த இடத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மடித்துத்தான் காட்டுவோமே, முதுநிலைப் பட்டதாரிக்கு ஒரு விரிப்பு மடிக்கத் தெரியாதா என்று நினைத்தேன்.

தெரியவில்லை. அது சாதாரண விரிப்பு இல்லை. மெத்தையில் மாட்டுகிற மாதிரி ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்தது. ஒரு மூலையைப் பிடித்தால் இன்னொரு மூலை சுருண்டு ஓடியது. நாலாவது மூலையைத் தேடி நான் விரிப்புக்குள்ளேயே போய்விட்டேன். (மையத்தில் இதை மீனாவுக்குச் சொல்லிக் கொடுத்தது தையல் டீச்சர். நான் பக்கத்தில் நின்று நோட்டில் 'நன்று' போட்டதோடு சரி.) உள்ளே இருட்டில் மீனாவின் குரல் கேட்டது.

"அவசரம் வேணாம். மூலைய மூலைக்குள்ள விடணும். ஒவ்வொண்ணாச் செய்யணும். சரியா?"

என் வார்த்தைகள். என் குரல் ஏற்ற இறக்கத்தோடு. கடைசியில் அந்த 'சரியா' வரைக்கும்.

வெளியே வந்து, விரிப்பைக் கோழிக்கூடு மாதிரி சுருட்டி வைத்தேன். மீனா என் தோளில் தட்டி, "நல்லாச் செய்யிறீங்க" என்றாள். அதுவும் என்னுடையதுதான். அடுத்து, ஆஸ்பத்திரியின் பச்சைத் துணிக் கட்டில் லாட்ஜ் தலையணை உறைகளைக் கலந்து வைத்தேன். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை என்பதை ஜோதியக்கா நெஞ்சில் கை வைத்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

தவமணி மேசைக்குத் திரும்பி, என் கோப்பிலிருந்து என் படிவத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாக எழுதினார்.

"டீச்சர், வருத்தப்படாதீங்க. நல்ல பிள்ளைதான். ஆனா இன்னும் ஆறு மாசம் ட்ரெயினிங் குடுக்கணும். ஜோதி, பிள்ளைக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டா."

பிஸ்கட் தட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது.

மீனா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். எழுந்து நின்றாள்.

"சார், பிஸ்கட் வேணாம்."

"உங்களுக்கு இல்ல டீச்சர், பிள்ளைக்கு..."

"நான் டீச்சர் இல்ல. நான் பாண்டிமீனா. வேலைக்கு வந்திருக்கேன். அவங்கதான் மிஸ். கீழ விழுந்துட்டாங்க. நாக்கக் கடிச்சுக்கிட்டாங்க."

தவமணி அவள் கழுத்து அட்டையை முதல்முறையாக இழுத்துப் பார்த்தார். அந்தப் படம் என்னைப் போல இருக்காது. ஆனால் மீனாவைப் போல இல்லவே இல்லை. அவர் முகம் சிவந்தது. 'போச்சு, எழுந்து போங்கள் என்று சொல்லப்போகிறார்' என்று நினைத்தேன். மீனாவுக்கு வேறு இடம் இல்லை. அந்த மாதம் முடிய நாலே நாள்தான் இருந்தது.

"ஏம்மா, என்னைய வச்சு வேடிக்கை பாத்தியா? வந்த ஒடனே சொல்ல வேண்டியதுதான?"

மீனா குரலை உயர்த்தவில்லை. "நீங்க என்னையப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சார்."

முதலில் சிரித்தது ஜோதியக்காதான். அழுக்குத் துணி மூட்டையின்மேல் சரிந்து உட்கார்ந்து, "கலெக்டரு... அண்ணே, நான் கலெக்டராகலாம்னு சொன்னேன்ணே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். தவமணி சிரிக்கவில்லை. நாற்காலியை மீனாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சரித்தா. இப்பக் கேக்குறேன். உனக்கு என்ன தெரியும்?"

"மடிக்கத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் பத்து நாள் மனப்பாடம் செய்ய வைத்த சுய அறிமுகத்தில் ஒரு வரிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. மேசைக்குப் போய் முதலில் நான் கட்டிய கோழிக்கூட்டைப் பிரித்தாள். மூலைக்குள் மூலையை விட்டாள், நீவினாள், மடித்தாள். பிறகு நான் கலந்த கட்டைப் பிரித்துப் பச்சை தனி, வெள்ளை தனி. இருபது விரிப்புகள். நடுவில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, யாரும் சொல்லாமலே தனியாக வைத்தாள். ஜோதியக்கா எடுத்துப் பார்த்தார். ஓரத்தில் விரல்நுனி அளவு கிழிசல்.

"நாங்க நாலு பேரு பாத்தும் தப்பிச்சு வந்திருக்குண்ணே" என்றார்.

தவமணி என்னைப் பார்த்து, "நாளைக்கே வரச்..." என்று தொடங்கி, நிறுத்தி, மீனாவிடம் திரும்பினார். "நாளைக்கு வாரியாத்தா?"

"வாரேன் சார். எத்தன மணிக்கு? செல்லூர்ல இருந்து எந்த பஸ்சு?"

கேள்வி கேட்கலாம் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவே இல்லை.

திரும்பும்போது வண்டி ஓடவில்லை. மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு நடந்தோம். என்னால் பேச முடியாததால் வழியெல்லாம் மீனா பேசினாள். அப்பாவின் தறிகளில் எது மக்கர் செய்யப்போகிறது என்பது சத்தத்திலேயே தனக்குத் தெரியும் என்றாள். ஊறுகாய் கம்பெனியில் வேலை கிடைக்காததே நல்லது, அந்த வாடை தனக்கு ஆகாது என்றாள். தையல் வகுப்பு பிடிக்கவே பிடிக்காது, நான் வருத்தப்படுவேன் என்றுதான் இரண்டு வருடம் போனதாகச் சொன்னாள். (நான் சேர்ந்தே ஏழு மாதம்தான். அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.) இது ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

நாக்கு ஆற எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் வீடு ஆலயம் மாதிரி இருந்தது என்று அம்மா சாட்சி சொன்னார். தவமணி எழுதிய படிவத்தை மேடம் கோப்பில் சேர்த்தார். பேச்சு: சுமார். எழுத்து: நன்று. வேலைத்திறன்: போதாது. குணம்: நல்ல பிள்ளை, சில நேரம் பிடுங்கும். முடிவு: இன்னும் ஆறு மாதப் பயிற்சி தேவை. மையத்தில் புதிதாகச் சேர்கிற அலுவலர்கள் எல்லாருக்கும் முதல் நாள் அதைப் படிக்கக் கொடுக்கிறார்கள்.

மீனாவுக்கும் எல்லாம் பூப்போல நடந்துவிடவில்லை. முதல் மாதம் மற்றவர்கள் மடித்ததையெல்லாம் பிரித்து மறுபடி மடித்து, மூன்று பேரோடு சண்டை. நான் பஞ்சாயத்துக்குப் போனேன். போனதும் மீனாவிடம்தான் முதலில் கேட்டேன். இப்போது மடிப்புப் பகுதி அவள் பொறுப்பு. எங்கள் மையத்திலிருந்து அங்கே போன இன்னும் மூன்று பேர் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். அவள் கண்டிப்பைப் பற்றி என்னிடம் புகாரும் சொல்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருமங்கலம். வரவேற்பில் மீனா அதே மாம்பழ நிறப் புடவையில், ஜோதியக்காவோடு மேடையேறி வந்தாள். என் மாமியார் ரொம்ப அன்பானவர், எல்லாரையும் விசாரிப்பார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ யாரு கண்ணு? நம்ம ஹெப்சிகிட்ட படிச்ச பிள்ளையா?" என்று கேட்டார்.

மீனா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"இல்லம்மா. இவங்களை வேலைக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். இவங்களுக்குக் கெடைக்கல."

மாமியார் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, மாலையும் கழுத்துமாக நின்ற என் பக்கம் குனிந்து, கல்யாண மண்டபமே கேட்கும்படி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்:

"கவலைப்... படாதம்மா. கர்த்தர்... வேற வேலை... வச்சிருப்பாரு."